ஊத்துப்பள்ளத்து மண்

பதினோரு வருடமாக ஆக்ஸிலியா மண்ணை எரித்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் சோலி. நாயுடுபுரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்து, சின்ன அறக்கட்டளை ஒன்று மண் ஆய்வுக்கூடம் நடத்திவந்தது. மேல்மலைத் தோட்டங்களிலிருந்து வரும் மண்ணை அவள் நிழலில் உலர்த்துவாள், சலிப்பாள், எடை போடுவாள். பிறகு சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணங்களில் போட்டு மின்சார உலைக்குள் தள்ளுவாள். எரிந்து முடிந்ததும் மறுபடி எடை. குறைந்தது எவ்வளவு என்று பார்த்தால் அந்த மண்ணில் எவ்வளவு கரிமம் இருந்தது என்று சொல்லிவிடலாம். மக்கிய இலையும் புல்லும் வேரும் மண்ணோடு மண்ணாகத் தங்கிப்போனதுதான் அந்தக் கரிமம். அது உள்ளே இருக்கிறவரை மழைத்தண்ணீரைப் பஞ்சுபோலப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியேறிவிட்டால் காற்றில் கலந்து சூட்டைக் கூட்டும். இதை அவள் பள்ளிக்கூடங்களில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

மன்னவனூர் தாண்டி, ரோடு முடிகிற இடத்திலிருந்து அரை மணி நேரம் நடந்தால் தேன்பாறை. முப்பது வீடு. எல்லோரும் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்கள். முதல் தடவை அங்கே மண் எடுக்கப் போனபோது, திருமலைச்சாமியின் தோட்டத்தில் இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தவளை, வரப்பில் நின்று ஒரு பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, பூமிக்கு ஊசி போடுறியா?"

அதுதான் இருளாயி, திருமலைச்சாமியின் மனைவி. ஐம்பதைத் தாண்டியவள். அன்றைக்கு மதியம் அவள் வீட்டில்தான் ஆக்ஸிலியா சாப்பிட்டாள். பெயரைக் கேட்டுவிட்டு, "அது என்ன பேரு, வாயில நிக்க மாட்டேங்குது" என்று சொல்லி, ஆக்சிலி என்று தானே சுருக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு மேல்மலைப் பக்கம் எப்போது போனாலும், சோலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆக்ஸிலியா தேன்பாறைக்கு ஒரு எட்டு நடந்துவிட்டுத்தான் திரும்புவாள். ஆக்ஸிலியாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா போன பிறகு, சாப்பிட்டியா என்று கேட்க அவளுக்கு வேறு ஆள் இல்லை.

திருமலைச்சாமியின் தோட்டத்துக்குக் கீழே, இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஒன்றரை ஏக்கருக்கு ஒரு சதுப்பு கிடந்தது. ஊத்துப்பள்ளம் என்பார்கள். அவருடைய பட்டா நிலம்தான். ஆனால் அவர் அப்பா காலத்திலிருந்தே அதில் யாரும் கை வைத்ததில்லை. கோரைப்புல் மூடியிருக்கும். கால் வைத்தால் மெத்தைபோல அமுங்கும். அங்கே குழாயைச் சுத்தியலால் அடிக்கவே வேண்டியிருக்கவில்லை. கையால் அழுத்த அழுத்த ஒரு மீட்டருக்கு இறங்கியது. வெளியே இழுத்தபோது மண் மை மாதிரி கறுத்திருந்தது. சித்திரை வெயிலிலும் அந்தப் பள்ளத்தின் வாயிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கும். கீழே முப்பது வீட்டுக்கும் குடிதண்ணீர் அதுதான்.

உலையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது ஆக்ஸிலியாவால் நம்ப முடியவில்லை. பூண்டுத் தோட்டத்து மண்ணில் நூற்றுக்கு இரண்டு பங்கு கரிமம். மேலே சோலைக்காட்டு மண்ணில் ஏழு. ஊத்துப்பள்ளத்து மண்ணில் பத்தொன்பது. எங்கோ தப்பு நடந்துவிட்டது என்று இன்னொரு முறை எரித்தாள். அப்போதும் பத்தொன்பதுதான் வந்தது.

முடிவை எழுதிய மண் அட்டையை எடுத்துக்கொண்டு தேன்பாறைக்குப் போன அன்று, திருமலைச்சாமி பூண்டு மூட்டைகளை வடுகபட்டிச் சந்தைக்கு அனுப்புகிற அவசரத்தில் இருந்தார். அட்டையைக் கையில் கொடுத்து, மூச்சு வாங்க, "அண்ணே, உங்க ஊத்துப்பள்ளத்து மண்ணு மாதிரி இந்த மேல்மலையிலயே நான் பாத்தது இல்லண்ணே. தங்கம்ணே அது" என்றாள்.

"அப்பிடியா தாயி!" என்று சிரித்தார். அட்டையில் பச்சை மையில் 'மிக மிக வளமானது' என்று இருந்ததை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூட்டை ஏற்றிய குதிரைக்காரனோடு இறங்கிப் போய்விட்டார்.

மிச்சத்தை அவள் இருளாயியிடம்தான் சொன்னாள். அந்தப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட வேண்டும், தண்ணீர் நிற்கிறவரைதான் அந்த மண் மண்ணாக இருக்கும் என்று.

"அதுல போயி யாரு என்ன செய்யப் போறா?" என்றாள் இருளாயி. "மாடு எறங்குனாலே வகுறு வரைக்கும் புதைஞ்சிரும். நீ சாப்புடு, ஆறிப்போகுது."

அடுத்த வருடம் பூண்டு பிடுங்குகிற நேரத்தில் பதினெட்டு நாள் விடாமல் மழை கொட்டியது. பூண்டு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அதற்கடுத்த வருடம் மழையே இல்லை. விதைப்பூண்டு முளைத்து, மஞ்சளாகி, நின்ற இடத்திலேயே காய்ந்தது. முன்பெல்லாம் எந்த மாதம் எது வரும் என்று தெரியும். இப்போது வானம் எதற்கும் கட்டுப்படுவதில்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். மகன் மனோஜ்குமார், இனி இதை நம்பிப் பிரயோசனமில்லை என்று திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். திருமலைச்சாமி தன் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மலை முழுக்கக் காய்ந்து கிடந்தபோதும் ஈரமாக இருந்தது ஒரே இடம்தான்.

இதெல்லாம் ஆக்ஸிலியாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வருடம் அவள் கீழ்மலைக் காபித் தோட்டங்களில் வேலையாக இருந்தாள். ஒரு நாள் திருமலைச்சாமியே போன் செய்தார்.

"தாயி, நீங்க சொன்னது பொய்யில்ல! பூண்டு ஒண்ணொண்ணும் எலுமிச்சம்பழம் தண்டிக்கு வெளஞ்சு கெடக்கு. வந்து பாருங்க, ஒங்க அக்கா ஒரு கட்டு எடுத்து வச்சிருக்கா."

"எங்கண்ணே போட்டீங்க?"

"ஊத்துப்பள்ளத்துலதான்! பொக்லைன் எறக்கி நடுவால ஒரு வாய்க்கா வெட்டி விட்டேன். தண்ணி வடிஞ்சு ஒரே மாசத்துல கால் ஊனி நடக்குற மாதிரி ஆயிருச்சு."

மறுநாள் வெள்ளனே கிளம்பிப் போனாள். ஆளுயரத்துக்கு வாய்க்கால். அதன் இரண்டு பக்கச் சுவரும் கறுப்பாக, ஈரம் வற்றி வெடித்துக் கிடந்தது. கோரைப்புல் ஒன்றுகூட இல்லை. அந்த இடத்தில் வரிசை வரிசையாகப் பூண்டுத் தாள். பள்ளத்தின் வாயில் ஒழுகிக்கொண்டிருந்த தண்ணீரைக் காணோம்.

"அண்ணே, இத மூடிரணும்ணே" என்றாள்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக வடிந்தது. "நீங்கதான தாயி தங்கம்னு சொன்னீங்க?"

"தண்ணி நின்னாத்தான்ணே தங்கம். காத்து பட்டா அது கரைஞ்சு போயிரும். மண்ணே இல்லாமப் போயிரும்."

இருளாயிதான் சொன்னாள்: "நானும் சொன்னேன், ஊருக்குத் தண்ணி போயிரும்னு. கேக்கல. ரெண்டு வருசம் வெறுங்கையோட நின்ன மனுசன் புள்ள. அதுக்கு மேல நானும் என்னத்தச் சொல்ல?"

"இன்னும் ரெண்டு வெள்ளாமை எடுத்துக்கிறேன்" என்றார் திருமலைச்சாமி. "அப்புறம் நானே மூடிர்றேன்."

ஆக்ஸிலியா மல்லுக்கட்டியிருக்கலாம். ஊரைக் கூட்டிப் பேசியிருக்கலாம். ஆனால் நாயுடுபுரத்துக்குத் திரும்பி வந்து ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளர் ஞானவேலிடம் சொன்னபோது, அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"வெட்டுறதுக்கு முன்னாடி எடுத்த சாம்பிள் நம்மகிட்ட இருக்கில்ல? இந்த மாதிரி டேட்டா யாருகிட்டயும் இருக்காதும்மா. மூணு மாசத்துக்கு ஒருக்கா போய் எடுங்க. எவ்வளவு வேகமாப் போகுதுன்னு பாத்துருவோம்."

அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. உள்ளுக்குள் கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. இதை அவள் பிறகு தனக்குத்தானே ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போனாள். பத்தொன்பது பதினேழாகி, பதினான்காகியது. அளவு பார்க்க அவள் நட்டுவைத்த இரும்புக் கம்பியைச் சுற்றி நிலம் ஒரு சாண் இறங்கியிருந்தது. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் இருளாயி வீட்டில் சாப்பிட்டாள். வாய்க்காலைப் பற்றிய பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அந்தப் பேச்சே இல்லை.

இந்த வருடம் தை பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. பங்குனியில் மன்னவனூர்ப் பக்கத்து வாட்டில் மரக்காட்டில் தீப்பிடித்து, மூன்று நாள் எரிந்து, தேன்பாறைக்கு மேலே வரை இறங்கியது. ஊர்க்காரர்கள் பச்சைத் தழையை ஒடித்து அடித்து அடித்து, ஊத்துப்பள்ளத்தின் கரையில் வைத்து அதை அணைத்துவிட்டார்கள். ஒரு வீட்டுக்கும் சேதமில்லை. ஜீப் ஓட்டும் ரெக்ஸ் ஆய்வுக்கூடத்துக்கு வந்து இதைச் சொன்னது ஒரு புதன்கிழமை.

"பள்ளத்து ஓரம் வரைக்கும் வந்துருச்சாங்க்கா. நல்லவேளை அங்கனயே அணைஞ்சிருச்சு."

ஆக்ஸிலியாவுக்கு என்னவோ உறுத்தியது. திருமலைச்சாமிக்கு போன் செய்தாள். தீயில் டவர் கம்பி கருகிப்போயிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. மறுநாள் பெரிய வியாழன். கோயிலில் பாதம் கழுவும் சடங்கு. அதற்கடுத்த நாள் சிலுவைப்பாதை. பாட்டுக் குழுவில் அவளும் உண்டு. ஈஸ்டர் முடிந்ததும் திங்கட்கிழமை நேரிலேயே போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

தீ அணையவில்லை. காய்ந்த அந்தக் கறுப்பு மண்ணுக்குள் இறங்கியிருந்தது. சுவாலை இல்லை, சத்தம் இல்லை. மேலே சாம்பல்கூட இல்லை. உள்ளுக்குள் கங்காகக் கனன்று, அடியில் பொந்து பொந்தாக அரித்துக்கொண்டே போனது. காலையில் பள்ளத்தின் மேல் மெல்லிதாகப் புகை நின்றது. மேல்மலையில் காலையில் பனி நிற்காத பள்ளம் எது? யாரும் அதை வேறாக நினைக்கவில்லை.

சனிக்கிழமை காலை, கரையில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து வர இருளாயி போனாள். சுற்றிப் போகாமல் குறுக்கே, பூண்டு பிடுங்கிய வெறும் மண்ணில் நடந்தாள். பாதி தூரத்தில் நிலம் உள்வாங்கியது. இரண்டு காலும் இடுப்பு வரைக்கும் கங்குக்குள் இறங்கின.

அவளைத் தூக்க இறங்கிய திருமலைச்சாமிக்கும் கையெல்லாம் வெந்தது. கம்பளியில் தொட்டில் கட்டி ரோடு வரைக்கும் சுமந்துபோய், ஜீப்பில் கொடைக்கானலுக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டுபோனார்கள்.

செய்தி கிடைத்து ஆக்ஸிலியா மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஈஸ்டர் ஞாயிறு மத்தியானம். இருளாயிக்கு நினைவு தெளிவாக இருந்தது. மார்புக்குக் கீழே கொசுவலை மாதிரி ஒன்றைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள்.

"வலிக்குதாக்கா?"

"காலு வலிக்கவே இல்ல புள்ள. அதான் பயமாக் கெடக்கு."

பக்கத்து ஸ்டூலில் ஆக்ஸிலியா உட்கார்ந்தாள். இருளாயி கொஞ்ச நேரம் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக் கேட்டாள்.

"ஏ ஆக்சிலி, நீ படிச்சவ. மண்ணு எப்பிடி எரியும்? தீயே இல்லியே. வெறும் மண்ணுதான கெடந்துச்சு. மண்ணப் போட்டுத்தான நாம தீய அணைக்கோம்?"

பதினோரு வருடமாக வாரத்துக்கு நாற்பது கிண்ணம் மண்ணை எரித்தவள் ஆக்ஸிலியா. ஊத்துப்பள்ளத்து மண் உலையில் கரி மாதிரிச் சிவந்து நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள். "அந்த மண்ணு காஞ்சா எரியும்னு எனக்கு முன்னாடியே தெரியும்க்கா. சொல்லாம விட்டுட்டேன்."

இருளாயி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு, தன்னைத் தேற்றுவதற்காக யாரோ பழியைத் தூக்கிப் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறவள் மாதிரி, லேசாகத் தலையை அசைத்தாள்.

"போ புள்ள. தெரிஞ்சிருந்தா நீ சொல்லாமயா இருப்ப?"

மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுகிறார்கள் என்று இருளாயி கேட்டாள். ஆக்ஸிலியாவுக்குத் தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றாள். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் இருளாயி இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆக்ஸிலியா தேன்பாறைக்குப் போனாள். பள்ளத்தில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்து தண்ணீர் பீய்ச்சியிருந்தார்கள். ஒரு இடத்தில் அணைத்தால் பத்தடி தள்ளி இன்னொரு இடத்தில் கிளம்பியது. பள்ளம் முழுக்கத் தண்ணீரை நிறுத்தினால்தான் அடங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். நிறுத்துவதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? குடிக்கவே, ரோட்டுக்கு வரும் லாரித் தண்ணீரைப் பெண்கள் அரை மணி நேரம் சுமந்துகொண்டிருந்தார்கள்.

மனோஜ்குமார் மொட்டைத் தலையோடு வாசலில் நின்றான். அவளைக் கண்டதும் அவன் குரல் உயர்ந்தது.

"எதுக்கு வந்தீங்க? இன்னும் மண்ணு வேணுமா? நீங்க வந்து நோண்டிப் பாத்து தங்கம் வைரம்னு சொல்லலேன்னா எங்கப்பா அதத் தொட்டிருக்கவே மாட்டாரு. எங்கம்மா இருந்திருக்கும்!"

"ஏலே, பேசாம இரு" என்றார் உள்ளேயிருந்து திருமலைச்சாமி. கட்டுப் போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார். "வாய்க்கா வெட்டுனது நானு. அந்தம்மாவுக்கு என்ன தெரியும்? வெட்டுன அன்னைக்கே மூடச் சொல்லுச்சு."

ஆக்ஸிலியா யாரோ போட்ட இலையில் உட்கார்ந்து, இரண்டு வாய் அள்ளி, எழுந்துவிட்டாள்.

நாயுடுபுரத்துக்குத் திரும்பியதும் ஞானவேல் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். எரிந்த பிறகு ஒரு சாம்பிள் எடுத்தால் நன்றாயிருக்கும் என்று. "என்னால ஆகாது சார்" என்றாள். அவர் வற்புறுத்தவில்லை. அந்த மாதம் முழுக்க அவள் வேறொரு வேலை செய்தாள். பழைய நோட்டுகளைப் புரட்டி, சதுப்பு வைத்திருக்கும் பதினான்கு குடும்பங்களை எடுத்து, ஒவ்வொரு வீடாக நடந்தாள். அட்டை எதுவும் கொண்டுபோகவில்லை. வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் உட்காரச் சொல்லி, பள்ளத்தை வெட்டாதீங்க, காய்ந்தால் அது எரியும், ஒரு பெண் அதில் செத்துப்போனாள் என்று சொன்னாள். சில வீடுகளில் கேட்டுக்கொண்டார்கள். கவுஞ்சிப் பக்கம் ஒரு வீட்டில், ஏற்கனவே வெட்டிவிட்டோமே என்றார்கள்.

வைகாசிக் கடைசியில் மழை வந்தது. ஒரே இரவில் வானம் பொத்துக்கொண்ட மாதிரி பெய்தது. முன்பென்றால் அவ்வளவு தண்ணீரையும் ஊத்துப்பள்ளம் குடித்துவிட்டு மெல்ல மெல்ல விட்டிருக்கும். இப்போது குடிக்க மண் இல்லை. வாய்க்கால் வழியே திமுதிமுவென்று இறங்கி, கீழே நான்கு பேருடைய உருளைக்கிழங்குக் காட்டை வாரிக்கொண்டு போனது. தீ அன்றைக்குத்தான் முழுசாக அணைந்தது.

ஆக்ஸிலியா போனபோது பள்ளம் ஆளுயரத்துக்கு இறங்கிக் கிடந்தது. அடியில் வெள்ளைக் களிமண்ணும் சாம்பலும். திருமலைச்சாமி தனியாக வாய்க்காலில் இறங்கிக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். கையில் புதுத் தோல் வெளிறித் தெரிந்தது. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினாள். இரண்டு பேரும் மத்தியானம் வரை கல் எடுத்துப் போட்டார்கள்.

"அண்ணே" என்றாள். "அன்னைக்கு அந்தம்மாவுக்கு என்ன தெரியும்னு சொன்னீங்க. எனக்குத் தெரியும்ணே. காஞ்ச மண்ணு எரியும்னு தெரியும். தீ பக்கத்துல வந்துருச்சுன்னு புதன்கிழமையே ரெக்ஸ் சொன்னான். திங்கக்கெழமை வரலாம்னு இருந்துட்டேன்."

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். அவள் பக்கம் திரும்பவில்லை. வெகுநேரம் கழித்து அந்தக் கல்லை அதன் இடத்தில் வைத்து, சுற்றிலும் சேற்றை அப்பி, உள்ளங்கையால் தட்டினார். பிறகு பொழுது சாய்கிறவரை இருவரும் கல் அடுக்கினார்கள்.

கிளம்பும் நேரத்தில்தான் கேட்டார்.

"தண்ணி நின்னுச்சுன்னா அந்த மண்ணு திரும்ப வந்துருமா?"

"வரும்ணே."

"எத்தன வருசமாகும்?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் அவளுக்குத் தோன்றியது.

"ஒரு விரக்கடை சேரவே ஒரு ஆயுசு ஆகும்ணே. இங்க இருந்தது ஆயிரம் ரெண்டாயிரம் வருசத்து மண்ணு. நம்ம யாரும் பாக்க மாட்டோம். மனோஜ் பிள்ளைகளும் பாக்காது."

திருமலைச்சாமி பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. அவளுக்கு அவரைத் தொட்டு ஆறுதல் சொல்லத் தைரியம் வரவில்லை. தள்ளி நின்றாள். கடைசியில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெறுங் கல்லு நிக்காது" என்றார். "நாளைக்கு வந்தா சாக்கு கொண்டாங்க. இருவது இருந்தா நல்லது."

மறுநாள் அவள் ரெக்ஸின் ஜீப்பில் முப்பது சாக்கு ஏற்றிக்கொண்டு போனாள். ஆடி மாதத்துக்குள் வாய்க்கால் அடைபட்டது. அதற்குப் பின்னால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கிறது. சாம்பல் கலந்த தண்ணீர், மாடுகூட வாய் வைப்பதில்லை. தேன்பாறைக்கு இன்னும் லாரித் தண்ணீர்தான்.